மச்சினன் விலாவில் ஏறிய சிங்கம்

மச்சினன் வீடியோ காலில் சட்டையைக் கழற்றினான். வலது விலாவில் ஒரு சிங்கம். காவிக் கலர். வால் முதுகுப் பக்கம் போயிருந்தது.

"அக்கி வந்துச்சு மாமா. எழுதியிருக்கேன்" என்றான் பெருமையாக.

எங்கள் பக்கம் அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போவோம். காவியைக் குழைத்து, கொப்புளம் இருக்கிற இடத்தில் சிங்கம் எழுதுவார்கள். அது அக்கியைத் தின்றுவிடும் என்பார்கள். மூன்று தடவை எழுதணும். உப்பு கூடாது. குளியல் கூடாது. மச்சினன் செல்வராசு இருப்பது மலேசியாவில், கிள்ளானில். அங்கேயும் எப்படியோ ஆளைப் பிடித்துவிட்டான்.

என் வீட்டுக்காரி சரசு சிரித்தாள். அவளுடைய தம்பி அவன். "டேய், இது சிங்கமா? பால் குடிக்க வந்த பூனை மாதிரி இருக்குது."

நான் சிரிக்கவில்லை. சிங்கத்துக்குப் பின்னால் இருந்த விலா எலும்பைப் பார்த்தேன். எண்ண முடிந்தது.

போனை வைத்ததும் சரசுவும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "உங்களுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது" என்றாள். "போயிட்டு வாங்க."

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் அக்கி வந்தது. பிறகு காய்ச்சல் வந்தது. டைபாய்டு என்றார்கள். மலேரியா என்றார்கள். கண் பட்டுவிட்டது என்றும் சொன்னார்கள். ரத்தம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். இந்த ஒரு டெஸ்ட் மட்டும் யாரும் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. தெரிந்தபோது முப்பத்தெட்டு கிலோ இருந்தேன். கூடவே டி.பி. சரசு என்னை ஒரே கையால் தூக்கிக் கட்டிலில் போடுவாள். இப்போது தினம் ஒரு மாத்திரை. எழுபது கிலோ. அவளால் தூக்க முடியாது. அவளுக்குத் தொற்று இல்லை.

அதுவரை விஷயம் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். செல்வராசுக்குச் சொன்னது டி.பி. வரைக்கும்தான். இப்போது உங்களுக்கும் தெரியும். மருந்து தருகிற சென்டரில் ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் அம்மா எழுதச் சொன்னார். "நாலு டிரைவர் படிக்கட்டும்" என்றார். நான் எட்டாவது வரை படித்தவன். முடிந்தவரை எழுதுகிறேன். மச்சினன் பேரை மாற்றியிருக்கிறேன். அவன் சம்மதித்தான்.

முதல் நாள். மலேசியா ஏர்போர்ட்டில் ஒரு அதிகாரி என் மாத்திரை டப்பாவை எடுத்துக் காதோரம் ஆட்டினார். சலங்கை மாதிரி சத்தம் வந்தது. இன்னொரு தடவை ஆட்டினார். திருப்தியாகத் திருப்பிக் கொடுத்தார். சரசு கொடுத்துவிட்ட முறுக்கையும் ஆட்டினார். அது தூளாகிவிட்டது.

செல்வராசு வெளியே நின்றான். நேரில் பார்த்தால் இன்னும் மெலிவு. ஊரில் என்னிடம் கிளீனராக இருந்தவன். பிறகு டிரைவர் ஆனான். பத்து வருஷத்துக்கு முன்னால் கிள்ளான் பொண்ணு பரமேஸ்வரியைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டான். பிள்ளை இல்லை. இப்போது துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறான். இங்கே லாரி என்றால் யாருக்கும் புரியாது. லோரி என்று சொல்லணும்.

வழியில் ஒரு கடையில் நிறுத்தினான். நான் ரொட்டி சானாய் தின்றேன். நம் பரோட்டாவின் சித்தப்பா பையன். மெல்லிசு. பருப்புக் குழம்பு கொடுத்தார்கள். செல்வராசுக்கு உப்பு கூடாது. அவன் ரொட்டிக்குச் சர்க்கரை கேட்டான். கடைக்காரர் பாவமாகப் பார்த்தார்.

"மாப்ளே, ரத்தம் டெஸ்ட் பண்ணினியா?"

"கம்பெனியில வருஷா வருஷம் எடுக்கறாங்க மாமா. எனக்கு சுகர் இல்ல, கொழுப்பு இல்ல. ரத்தம்னா அதுல எல்லாம் தெரிஞ்சிடும்ல?"

"தெரியாது. எதைக் கேக்கிறியோ அதைத்தான் பாப்பாங்க."

"சிங்கம் இன்னும் ஒரு தடவை பாக்கி மாமா. அதுக்கு முன்னாடி உடம்புல ஊசி பட்டா சிங்கம் ஓடிடும்."

நான் இன்னொரு ரொட்டி சொன்னேன்.

இரண்டாம் நாள். மூன்றாவது சிங்கத்துக்குத் தலைநகரத்தில் பிரிக்பீல்ட்ஸ் என்கிற இடத்துக்குப் போகணும். காரைப் பரமேஸ்வரி வேலைக்கு எடுத்துப் போய்விட்டாள். ரயிலில் கிளம்பினோம். இதைக் கொமுட்டர் என்கிறார்கள். சுத்தம். குளிர் வேறு. ஊரில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாக்கு துப்புகிற ஆட்களை இதில் ஏற்றினால் அழுதுவிடுவார்கள். ஜன்னல் திறக்காது.

இடம் கிடைத்தது. உட்கார்ந்தோம். எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். எல்லாரும் பெண்கள். செவுரெல்லாம் ரோஸ் கலர் ஸ்டிக்கர்.

"மாப்ளே, இது லேடீஸ் பெட்டியா?"

"இருக்காது மாமா."

பத்து வருஷமாக லோரியிலேயே போகிறவன். ரயிலைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்.

பக்கத்தில் ஒரு மலாய்க்கார அம்மா. மடியில் டப்பா. ஸ்டிக்கரைக் காட்டினார். எங்களைக் காட்டினார். மறுபடி ஸ்டிக்கரைக் காட்டினார். எழுந்து போகலாம் என்றால் நடுவில் கூட்டம். எல்லாம் பெண்கள். இடித்துக்கொண்டு போனால் அது வேறு வம்பு. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். அந்த அம்மா ஏதோ சொன்னார். செல்வராசு மொழிபெயர்த்தான். "சாவு வீட்டுக்குப் போறவங்க மாதிரி இருக்கீங்க, பரவால்ல உக்காருங்கங்கிறாங்க."

டப்பாவைத் திறந்து நீட்டினார். பச்சையும் வெள்ளையுமாகத் தேங்காய் இனிப்பு. ஆளுக்கு ஒன்று எடுத்தோம்.

அப்போது என் போன் அலறியது. மணி ஒன்பதரை. ஊரில் ஏழு. மாத்திரை நேரம். அலாரத்துக்கு என் லாரியின் ஏர் ஹாரனைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். வேறு எந்தச் சத்தத்துக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன். பெட்டியே துள்ளியது. ஒரு பாட்டியின் குடை உருண்டு போய்விட்டது.

அணைத்தேன். மாத்திரை டப்பாவை எடுத்தேன். ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன்.

மலாய் அம்மா கேட்டார். செல்வராசு திருப்பிச் சொன்னான். "எதுக்கு மாத்திரைன்னு கேக்கிறாங்க மாமா. ஏன் மாமா, டி.பி. இன்னும் இருக்கா?"

பத்து மாதிரி யோசித்து வைத்திருந்தேன் எப்படிச் சொல்வது என்று. ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"எச்.ஐ.வி.க்குன்னு சொல்லு."

அவன் சொல்லவில்லை. வாயில் தேங்காய் இனிப்பு அப்படியே நின்றது. எதிர் சீட்டில் ஒரு தமிழ்ப் பொண்ணு, காதில் மாட்டியிருந்ததை ஒரு பக்கம் கழற்றியது. பிறகு மாட்டிக்கொண்டது.

"எட்டு வருஷமா" என்றேன். "எனக்கும் அக்கியிலதான் ஆரம்பிச்சுது. அதனாலதான் வந்தேன்."

அம்மா விடவில்லை. இன்னொரு தடவை கேட்டார். செல்வராசு மெல்ல விழுங்கினான். மலாயில் ஏதோ சொன்னான். அவர் முகம் மாறியது. என் கையில் இருந்த இனிப்பை எட்டிப் பிடுங்கி டப்பாவில் போட்டு மூடிவிட்டார்.

"என்னடா சொன்னே?"

"சுகர்னு சொன்னேன்."

அதன் பிறகு இறங்கும்வரை அவர் பாகற்காய் பற்றியே பேசினார். செல்வராசு ஒரு வார்த்தைகூட மொழிபெயர்க்கவில்லை. அந்த அம்மாவின் கை மட்டும் பாகற்காய் சைஸ் காட்டியது. அதில் புரிந்துகொண்டேன்.

பிரிக்பீல்ட்ஸ் நம்ம ஊர்க் கடைவீதி மாதிரி. பூ, பாத்திரம், சேலை, சாம்பிராணி. ஆனால் ரோட்டில் ஹாரன் சத்தம் இல்லை. வண்டி நெருக்கியடித்து நிற்கிறது, ஒருத்தனும் அடிக்க மாட்டேன் என்கிறான். எனக்குக் காது அடைத்த மாதிரியே இருந்தது.

பூக்கடைக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே சிவா மாஸ்டர். அவர் குயவர் இல்லை. போர்டு எழுதுகிற பெயிண்டர். அவர் தாத்தா குயவராம். இப்போது போர்டெல்லாம் மிஷின் அடிக்கிறது. அதனால் வாரத்துக்கு இரண்டு மூன்று சிங்கம் எழுதுகிறார்.

செல்வராசு சட்டையைக் கழற்றினான். நேரில் பார்த்தால் சிங்கத்துக்குக் கீழே கையெழுத்து வேறு இருந்தது. 'சிவா' என்று இங்கிலீஷில், கோடு இழுத்து.

"அது எதுக்கு?" என்றேன்.

"வேலைன்னா பேரு போடணும் பாஸ். சிங்கம் காவி, கழுவினா போயிடும். பேரு ஒரிஜினல் பெயிண்ட். போகாது."

காவியைக் குழைத்தபடியே பேசினார், இங்கத்து ஆட்கள் மாதிரி கடைசியில் ஒரு லா போட்டு. "தம்பி போன வருஷம் வந்தப்போ இடது பக்கம் எழுதினேன். இந்த வருஷம் வலது பக்கம். எழுபது வயசு அங்கிளுக்கு வந்தா சரி. உனக்கு என்ன வயசு? சிங்கத்துக்கே சந்தேகம் வந்துடுச்சு லா."

நான் செல்வராசுவைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்தான். போன வருஷத்து அக்கி எங்களுக்குத் தெரியாது. இது இரண்டாவது.

"நான் எழுதறது எரிச்சலுக்குத்தான் பாஸ்" என்றார் மாஸ்டர். "ஏன் வருதுங்கிறது என் வேலை இல்ல. அதுக்கு கிளினிக் இருக்கு. தம்பி, மூச்சை இழுத்துப் பிடி. பிடரி மயிர் எழுதணும்."

சாப்பாடு வாழை இலைக் கடையில். மூன்று கறிகாய், அப்பளம், மோர் மிளகாய், நண்டுக் குழம்பு. ரொம்ப நல்ல சாப்பாடு. செல்வராசு பரிமாறுகிறவரிடம் உப்பில்லாமல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான்.

"தண்ணி இருக்கு அண்ணே" என்றார் அவர்.

வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். "மாமா, உங்களுக்கும் சிங்கம் எழுதினாங்களா?"

"மூணு பேர் எழுதினாங்க. மூணும் நல்ல சிங்கம். உன்னுது மாதிரி இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் உங்க அக்கா என்னை ஒரு கையால தூக்கினா."

அவன் என் இலையில் இருந்த அப்பளத்தை எடுத்துக் கடித்தான். உப்பு அப்பளம். பத்தியம் முடிந்தது. குழம்பு ஊற்றச் சொன்னான். மூன்று தடவை சோறு வாங்கினான்.

"நாளைக்கு டெஸ்டுக்குப் போலாம் மாமா. ஆனா பரமுகிட்ட நீங்க சொல்லுங்க."

"நீதான் சொல்லணும்."

"நான் மலாயில சொன்ன மாதிரி சொல்லிடுவேன் மாமா."

"சொன்னா நான் திருத்துவேன்."

அன்று சாயங்காலம் கிள்ளானில் அவர்கள் வீடு. பதினேழு மாடிக் கட்டடம். பரமேஸ்வரி வேலை முடிந்து வந்ததும் அவன் ஆரம்பித்தான். சிங்கம், மாஸ்டர், ரயில், பாகற்காய் என்று எங்கெங்கோ போனான். அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"என்ன டெஸ்ட் லா? நேரா சொல்லு."

சொன்னான்.

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள். "ரெண்டு மாசமா நான் தொண்டை கிழிய கத்தறேன், கிளினிக் போ, கிளினிக் போன்னு. போய்ப் பூனை வரைஞ்சிட்டு வந்தே. நாளைக்கு லீவு போடறேன். நானும் எடுக்கறேன். அண்ணே, நீங்களும் வாங்க."

மூன்றாம் நாள். அரசாங்க கிளினிக். இங்கே நர்ஸை மிஸ்ஸி என்கிறார்கள். எங்கள் மிஸ்ஸி தமிழ்ப் பொண்ணு. வேகமான கை.

"மூணு பேருக்குமா?"

"ரெண்டு பேருக்கு" என்றேன். "எனக்கு ஏற்கெனவே இருக்கு."

ஏதோ குடை இருக்கிறது என்று சொன்ன மாதிரி தலையை ஆட்டினாள். எனக்கு அது பிடித்திருந்தது.

விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தாள். இருபது நிமிஷம் இருக்கச் சொன்னாள். நான் கேட்டேன், இங்கே நிறைய பேர் வருவார்களா என்று.

"சின்னப் பசங்க எல்லாம் போன்ல புக் பண்ணி, அவங்களே வந்து எடுத்துட்டு, டீ குடிக்கப் போயிடுவாங்க. அங்கிள்மார்தான் லேட்டு. கல்யாணம் ஆயிடுச்சு, எனக்கு ஏன் வரப்போகுதுன்னு இருப்பாங்க. நடந்து வர மாட்டாங்க. வீல்சேர்லதான் வருவாங்க."

செல்வராசு தன் காலைப் பார்த்துக்கொண்டான். நடந்துதான் வந்திருந்தான்.

டாக்டர் ஒரு சீன அம்மா. அக்கியைப் பார்க்கச் சட்டையைக் கழற்றச் சொன்னார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். மலாயில் கேட்டார்.

பரமேஸ்வரி சொன்னாள். "இது பூனையான்னு கேக்கிறாங்க."

"சிங்கம்!" என்றான் செல்வராசு. அந்த நிலைமையிலும் விடவில்லை.

"சிவா யாரு, சிங்கத்தோட பேரான்னு கேக்கிறாங்க."

மிஸ்ஸி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். பரமேஸ்வரிக்கு இல்லை. மூன்று மாசம் கழித்து இன்னொரு தடவை எடுக்கணும். செல்வராசு என்னையும் உள்ளே கூப்பிட்டான். அவனுக்கு இருப்பதாகக் காட்டியது. உறுதி செய்யக் கையிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். எதிர்ப்புச் சக்தி எவ்வளவு மிச்சம் என்றும் அதிலேயே பார்ப்பார்களாம். ஒரு வாரம் ஆகும்.

அவன் அழவில்லை. "மாமா, லேட்டாயிடுச்சா?" என்றான். அது மட்டும்தான் கேட்டான்.

எனக்குத் தெரியாது. "ஒரு வாரம் பொறு" என்றேன்.

வெளியே வந்ததும் பரமேஸ்வரியிடம் சொன்னான். அவள் எழுந்து போய்விட்டாள். கைப்பையை விட்டுவிட்டுப் போனாள். திரும்பி வருவாளா என்று அவன் என்னைப் பார்த்தான். நான் பையைப் பார்த்தேன். பத்து நிமிஷத்தில் வந்தாள். கையில் மூன்று பிளாஸ்டிக் பை. பையில் டீ. ஸ்ட்ரா குத்தியிருந்தது. இங்கே டீயைப் பையில் கட்டித் தருகிறார்கள். ஊரில் சாம்பார்தான் அப்படி வரும்.

"குடிங்க" என்றாள். கண் சிவந்திருந்தது. "மிச்சத்த வீட்ல பேசிக்கிறேன்."

வீட்டில் பேசினாள். அது அவர்கள் விஷயம். நான் வெளியே போய் லிஃப்டில் ஏறினேன். கீழே போனேன். மேலே வந்தேன். பதினோரு தடவை. ஆறாவது தடவையிலிருந்து ஒரு சீனப் பெரியவர் என்னை லிஃப்ட் ஆள் என்று நினைத்து மாடி நம்பர் சொல்ல ஆரம்பித்தார். அழுத்திவிட்டேன். ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்.

கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டபோது இரண்டு பேர் முகமும் வீங்கியிருந்தது. "கல்யாணத்துக்கு முன்னாடி உள்ளதுன்னு சொல்றாரு" என்றாள். "நம்பறேன். மாசக்கணக்குல திட்டுவேன். அண்ணே, சாப்பிட வாங்க." ஆரஞ்சுப் பழத்தை நான்காகப் பிரித்தாள். கூட ஒன்று அவனுக்கு.

அந்த ஒரு வாரம் நீளம். நான்காம் நாளிலிருந்து அவன் லோரியில் நானும் உட்கார்ந்து போனேன். துறைமுகத்தில் கன்டெய்னர் வரிசை மலை மாதிரி. லோரிகள் எறும்பு மாதிரி ஒழுங்காகப் போகின்றன. யாரும் குறுக்கே நுழைவதில்லை. ஆடு மாடு இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே ஒரு தடவை கையை நீட்டி ஹாரனை அழுத்தினேன். நம்ம ஊர் அழுத்து. முன்னால் இருந்த நாலு லோரி நின்றுவிட்டது. நாலு டிரைவரும் இறங்கி வந்தார்கள். என்ன ஆபத்து என்று கேட்டார்கள். செல்வராசு மன்னிப்புக் கேட்டான். பிறகு சிரித்தான். கிளினிக்குக்குப் பிறகு அன்றுதான் முதல் சிரிப்பு.

"அங்க நீங்க அடிச்சா ஆடுகூட நகராது மாமா."

ஒரு நாள் மூன்று பேரும் கடல் பக்கம் போய் மீன் சாப்பிட்டோம். ஒரு நாள் மழை. இங்கே தினமும் மூன்று மணிக்கு மழை. கடிகாரம் வேண்டாம்.

பத்தாம் நாள் கிளினிக்கில் கூப்பிட்டார்கள். டாக்டர் தாளைப் பார்த்தார். அதே விடை. உறுதி. பிறகு எதிர்ப்புச் சக்தியின் எண்ணைச் சொன்னார். பரமேஸ்வரி திருப்பிச் சொன்னாள். மூன்று இலக்கம்.

செல்வராசு என்னைத்தான் பார்த்தான். டாக்டரைப் பார்க்கவில்லை. "மாமா?"

"எனக்கு ரெண்டு இலக்கம் மாப்ளே. டாங்க் காலி, ரிசர்வுல உருண்டுக்கிட்டு இருந்தேன். உனக்குக் கிட்டத்தட்ட அரை டாங்க் இருக்கு. பங்க் வந்தாச்சு. இறங்கி நிரப்பு."

பரமேஸ்வரி இதை டாக்டருக்கு மொழிபெயர்த்தாள். அவர் யோசித்தார். தலையை ஆட்டினார். ரொம்பச் சீக்கிரம் இல்லை, ஆனால் லேட்டும் இல்லை என்றார். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் வைரஸ் அடங்கிவிடும், அடங்கி அப்படியே இருந்தால் பெண்டாட்டிக்கும் போகாது என்றார். பிறகு என்னிடம் ஏதோ சொன்னார்.

"பங்க் நல்ல உதாரணம், நான் எடுத்துக்கவான்னு கேக்கிறாங்க அண்ணே."

எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

அன்றே மாத்திரை கொடுத்தார்கள். தினம் ஒன்று, ஒரே நேரம். செல்வராசு டப்பாவைக் காதோரம் ஆட்டிப் பார்த்தான். எல்லாரும் ஆட்டுகிறார்கள். ஏன் என்று தெரியவில்லை.

ஏர்போர்ட்டில் விடும்போது ஒன்றுதான் கேட்டான். "மாமா, அந்த ஹாரனை எனக்கு அனுப்புங்க."

அனுப்பினேன்.

ஊர் வந்து சேர்ந்த மறுநாள். காலை ஏழு. என் போன் அலறியது. மாத்திரையை விழுங்கினேன். உடனே வீடியோ கால். கிள்ளானில் ஒன்பதரை. லோரிக்குள் உட்கார்ந்திருந்தான். அங்கேயும் என் ஹாரன் அலறிக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ சீனத்தில் திட்டினார்கள். நாக்கை நீட்டிக் காட்டினான். மாத்திரை இருந்தது. தண்ணீர் குடித்தான். மறுபடி நாக்கை நீட்டினான். இல்லை.

சரசு போனைப் பிடுங்கினாள். கொஞ்ச நேரம் தம்பியைப் பார்த்தாள். பிறகு, "சிங்கம் எங்கடா?" என்றாள்.

சட்டையைத் தூக்கினான். குளித்திருந்தான். கொப்புளம் காய்ந்திருந்தது. சிங்கம் போய்விட்டது. 'சிவா' மட்டும் இருந்தார்.